“தம்பி பாப்பான்!” — படைப்புக் கதைகளைப் படிக்கும் முறை

குமாரலிங்கபுரத்துக் கரிசல் காட்டிலே, விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் உழவரிடம் சென்று, “ஐயா, உலகையே விழுங்க வந்த பெருவெள்ளம் ஒருநாள் உங்கள் சீமையில்தான் வடிந்து மறைந்தது” என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார், அல்லது சினப்பார். “வந்த வெள்ளத்தை ஏனப்பா வடியவிட்டார்கள்? கண்மாயிலே தேக்கியிருக்கக் கூடாதா?” என்று கேட்டாலும் கேட்பார். கேலியாகப் பிறந்த கேள்விதான். ஆயினும், படைப்புக் கதைகளைப் பற்றிப் புலவர் பலர் ஏடு ஏடாக எழுதியதைக் காட்டிலும் அதிலே பொருள் அதிகம்.

அவர் சீமையிலே, குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. சுந்தரர் பதிகம் பெற்ற ஊர். பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. 1879-ஆம் ஆண்டு இரமணர் பிறந்த ஊரும் அதுவே. ஊரின் பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம் இது: ஊழிப் பெருவெள்ளம் பொங்கிற்று, உலகம் மூழ்கும் நிலை வந்தது, சிவபெருமான் தம் சூலத்தை ஊன்றி நிலத்திலே துளை செய்தார், வெள்ளம் சுழித்து உள்ளே இறங்கிற்று, உலகம் பிழைத்தது. சுழித்து இறங்கிய இடம் சுழியல், அதுவே திருச்சுழி. அழிவிலிருந்து உலகம் மீண்டும் தொடங்கிய இடம் எங்கள் ஊர் என்கிறது கதை. படைப்புக் கதையின் மறுபதிப்பு அது.

இக்கதையை என் செய்வது? பக்தர் கைகூப்புகிறார், அவருக்கு அது நடந்த வரலாறு. நம் தோழர்களில் சிலர், “வெறும் புளுகு! தூக்கி எறி!” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். முன்னவர் கதையை ஆராயவில்லை; பின்னவரும் ஆராயவில்லை என்பதைச் சற்று வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. நிலவுலகின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு என்று அறிவியல் அளந்து சொல்லிவிட்டது. உயிரினங்கள் படிப்படியாக மாறி வந்தன என்று 1859-இல் டார்வின் நூல் எழுதினார். ஆகவே, உலகம் எப்படித் தோன்றியது என்று அறியப் புராணத்திடம் போகவேண்டியதில்லை. ஆனால், மனிதன் மனிதனை எப்படி ஆண்டான், ஆளப்பட்டவன் அதை எப்படி எண்ணிப் பார்த்தான் என்று அறிய வேண்டுமா? அதற்குப் படைப்புக் கதையைப்போல நல்ல சாட்சி வேறு கிடைப்பது அரிது. சாட்சியைக் கும்பிடவும் கூடாது, விரட்டவும் கூடாது, கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும்.

விசாரணைக்கு மூன்று கேள்விகள் போதும். கதையிலே உழைப்பவர் யார்? புகழ் பெறுபவர் யார்? கதை முடியும்போது கீழே நிறுத்தப்படுபவர் யார்?

முதலில் திருச்சுழிக் கதையையே கேட்போம். வானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்தால் ஊருணி வறண்டு வெடிக்கும். பெய்தாலோ, ஒரே இரவில் கொட்டிக் கண்மாய்க் கரையை உடைக்கும். இல்லாமையும் அழிவு, மிகுதியும் அழிவு என்று கண்ட மக்களின் அச்சம் அக்கதையிலே இருக்கிறது, அதை மறுக்கவேண்டாம். ஆனால், அந்த மக்களை ஆண்டாண்டு தோறும் காத்தது எது? கரை கட்டிய கூடை, வரத்துக்கால் வெட்டிய மண்வெட்டி, கழுத்தளவு நீரில் இறங்கி மூச்சடக்கி மூழ்கி மடை திறந்த மடைக்குடும்பனின் கை. இராமநாதபுரம் சீமையின் கண்மாய்கள் இயற்கை தந்தவை அல்ல. மனித முதுகுகள் தந்தவை. புராணமோ அம்முதுகுகளை மறைத்துவிட்டு ஒரு சூலத்தைக் காட்டுகிறது. உழைத்தவர் பெயர் கதையில் இல்லை. ஊரின் பெயரே கடவுளின் கைவண்ணம் ஆகிவிட்டது. கோயிலிலே பரிவட்டமும் முதல் மரியாதையும் யார் யாருக்கு என்று வந்தபோது, மடை திறந்தவன் எவ்வளவு தொலைவில் நிறுத்தப்பட்டான் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டுமா?

இனி, கீழே நிறுத்தும் கலையில் கைதேர்ந்த கதையைக் காண்போம். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டிலம், தொண்ணூறாம் பாட்டு; புருட சூக்தம் என்பர். ஆதி மனிதன் ஒருவனைத் தேவர்கள் வேள்வியிலே பலியிட்டார்களாம். அவன் வாய் பார்ப்பனன் ஆயிற்று, தோள் அரச குலம், தொடை வைசியன், காலிலிருந்து சூத்திரன் பிறந்தான். மனு நூல் இதையே வாங்கிச் சட்டமாக்கியது. கதை எவ்வளவு எளிதாகக் கட்டளையாகிறது, பாருங்கள்! “நீ ஏன் கீழே இருக்கிறாய்?” என்று கேட்டால், “உன்னை யாரும் கீழே தள்ளவில்லை, நீ பிறந்த இடமே அது” என்று விடை வருகிறது. குற்றவாளியே இல்லாத குற்றம்! மராட்டியத்திலே சோதிராவ் புலே 1873-இல் ‘குலாம்கிரி’ என்ற நூலில் இக்கதையை எடுத்துவைத்துக்கொண்டு, உறுப்புக்கு ஒரு சாதியைப் பெற்றானே பிரமன், அது எப்படி என்று கேட்டுக் கேட்டு நகைப்புக்கு இடமாக்கினார். அம்பேத்கர் 1946-இல் சூத்திரர் யார் என்று ஆராய்ந்து நூல் எழுதியபோது, தொடக்கத்திலேயே இப்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார். பழம்பாட்டு ஒன்றுக்கு இத்துணை முதன்மை ஏன் என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி: அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1970-இல் வழி செய்தது, பயிற்சி பெற்றவர்கள் திரளாகப் பணி ஆணை பெற்றதோ 2021-இல்தான். வாயில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதை அரை நூற்றாண்டுக் காலம் கருவறை வாசலிலே காவல் நின்றது!

“அது வேதத்தின் கதை, தொல்குடி மக்களின் கதைகளும் அப்படித்தானா?” என்று கேட்பீர்கள். அதுதான் இக்கட்டுரையின் நடுக்கேள்வி.

நீலமலைத் தோதவரைப் பார்ப்போம். ரிவர்சு என்னும் ஆங்கில அறிஞர் அவர்களிடையே இருந்து கேட்டு 1906-இல் வெளியிட்ட நூலிலே அவர்களுடைய படைப்புக் கதை இருக்கிறது. ஓன் என்னும் தெய்வம் தன் மனைவியோடு மலைமேல் சென்று, ஓர் இரும்புக் கோலை நாட்டி, மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வெளிக்கொணர்ந்தது. தெய்வம் கொணர்ந்தவை 1,600. மனைவி கொணர்ந்தவை 1,800. தெய்வம் கொணர்ந்த கூட்டத்தின் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் மண்ணிலிருந்து வெளியே வந்தான். அவனே முதல் தோதவன்!

இதைப் படித்து நகைப்பவர் நகைக்கட்டும். நான் வியக்கிறேன். உலகம் எனக்காகப் படைக்கப்பட்டது என்று மார்தட்டும் மதங்கள் எத்தனையோ உண்டு. இங்கே மனிதன் முன்னே வரவில்லை; எருமைக்குப் பின்னே, அதன் வாலைப் பற்றிக்கொண்டு வருகிறான். எருமையின் பாலால் பிழைத்த குடி, தான் எதனால் பிழைக்கிறது என்பதை அச்சொட்டாக அறிந்திருந்தது. உழைப்பின் முகத்தை மறைக்காத கதை!

ஆனால், வியப்பிலே விசாரணையை மறந்துவிடக் கூடாது. அந்த முதல் தோதவனின் வலப்பக்க விலா எலும்பை எடுத்துத் தெய்வம் ஒரு பெண்ணைச் செய்ததாம். ஆண் மண்ணிலிருந்து, பெண் ஆணிலிருந்து. தெய்வம் கொணர்ந்த 1,600 எருமைகளின் வழிவந்தவை புனிதமானவை. மனைவி கொணர்ந்த 1,800-இன் வழிவந்தவையோ சாதாரண எருமைகள்! புனிதப் பால்மனைக்குள் பெண் புகலாகாது என்ற விலக்கும் அக்குடியில் இருந்தது. கதையும் வழக்கும் கைகோத்து நடப்பதைக் காண்க. தொல்குடிக் கதை என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. வேதத்துக்கு ஒரு நீதி, மலைக்கு ஒரு நீதி என்று வைத்தால், நம் பகுத்தறிவு பாதிக் கண் குருடு.

அடுத்து, கிழக்கிந்தியக் காடுகளிலே வாழும் சந்தால் மக்களின் கதை. எங்கும் நீர், நிலமே இல்லை. நீருக்கடியிலுள்ள மண்ணை மேலே கொணர யாரால் இயலும்? பல உயிர்கள் முயன்று தோற்றன. முடிவிலே வந்தது மண்புழு. அடியிலிருந்து மண்ணைத் தின்று தின்று, ஆமையின் முதுகின் மேல் உமிழ்ந்து உமிழ்ந்து நிலத்தை உண்டாக்கிற்று. அந்நிலத்திலே இரு பறவைகளின் முட்டைகளிலிருந்து ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக முதல் இணையர் பிறந்தனர். மாந்தர் எல்லாரும் அவ்விருவரின் வழிவந்தோர். வாயிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் என்ற பேச்சே இல்லை. விலாவிலிருந்து ஒருத்தி என்பதும் இல்லை. இருவரும் முட்டையிலிருந்தே வந்தனர்!

உலகை உண்டாக்கியது ஒரு மண்புழு! உழவனின் தோழன் என்று நாம் பள்ளியில் படித்த அதே மண்புழு. டார்வின் 1881-இல் வெளியிட்ட தம் கடைசி நூலிலே மண்புழுக்கள் நிலத்தின் மேல்மண்ணை எவ்வாறு உண்டாக்குகின்றன என்பதைத்தான் ஆராய்ந்தார். சந்தால் முன்னோர் டார்வினை முந்திவிட்டனர் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், புட்பக விமானத்தைக் காட்டி வானூர்தி எங்களுடையது என்பாரோடு நானும் சேர்ந்துவிடுவேன். ஆய்வு வேறு, கதை வேறு. ஆயினும், மண்ணோடு வாழ்ந்தவர்கள் மண்ணிலே யார் உழைக்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறார்கள். சூலம் ஏந்திய கைக்கு அவர்கள் பெருமை தரவில்லை. மிதிபடும் புழுவுக்குத் தந்தார்கள்.

மலையும் காடும் கண்டோம். நம் ஊர்க் கோயில்களுக்குத் திரும்புவோம். அம்மன் கதை ஒன்று, சிற்சில மாற்றங்களோடு, தென்னாட்டுச் சிற்றூர்களில் சொல்லப்பட்டு வருகிறது. முதலில் இருந்தவள் ஆதிசக்தி ஒருத்தியே. பிரமன், திருமால், சிவன் மூவரையும் அவளே பெற்றாள். தன்னை மணக்கும்படி அவள் கேட்கிறாள், மறுத்தவரைச் சாம்பலாக்குகிறாள். சிவன் மட்டும் தந்திரமாக, “உன் நெற்றிக்கண்ணை எனக்குக் கொடு” என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான். வாங்கிய கண்ணாலேயே அவளை எரிக்கிறான். அவள் சாம்பலிலிருந்து மூன்று தேவியர் உண்டாகி, மூன்று தேவர்க்கு மனைவியராகிறார்கள்.

தாய் சாம்பலானாள்; சாம்பல் மனைவியாயிற்று! பெண்ணின் ஆற்றலை வாங்கிக்கொண்டு, அவ்வாற்றலாலேயே அவளை அடக்கிய நிகழ்ச்சியை இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் கதை உண்டோ? இது நடந்த வரலாறு என்று நான் வாதிடவில்லை. தாயாட்சி வீழ்ந்ததற்குச் சான்று என்று அவசரப்பட்டு முத்திரை குத்தவும் மாட்டேன். ஆனால், பெண் இயல்பிலேயே அடங்கியவள் என்று இக்கதை சொல்லவில்லை; அடக்கப்பட்டாள், அதுவும் வஞ்சனையால் அடக்கப்பட்டாள் என்று சொல்கிறது. சொல்லிவிட்டு, அந்த வஞ்சனையையே வெற்றியாக்கி விழா எடுக்கிறது. உண்மை கதைக்குள் இருக்கிறது. பூசை அதன் வாயைப் பொத்துகிறது.

இறுதியாக, இக்கட்டுரைக்குத் தலைப்புத் தந்த கதை. இதைக் கேட்கத் தொலைவு செல்லவேண்டாம். பெல்சிய நாட்டு மானிடவியலர் இராபர்ட் தெலியெழ், பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூரில் தங்கி ஆய்ந்தவர். ஒடுக்கப்பட்ட மக்கள் தம் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதைகளை 1993-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அவற்றுள் பறையர் மக்களிடையே வழங்கும் கதையின் சாரம் இது. அண்ணன் தம்பி இருவர், ஒருதாய் மக்கள், ஏழைகள். வழிபடச் சென்ற இடத்தில் செத்த மாடு ஒன்று கிடந்தது. அதை அகற்றும்படி ஆணை பிறந்தது. அண்ணன், “என் தம்பி பாப்பான்” என்றான். ‘தம்பி பார்த்துக்கொள்வான், அவன் செய்வான்’ என்பது அவன் கருத்து. கேட்டவர்க்கோ, ‘தம்பி பார்ப்பான், சாதியிலே உயர்ந்தவன்’ என்று பட்டது. பேச்சுவழக்கில் இரண்டுக்கும் ஒரே ஒலியன்றோ! அன்று தொட்டுத் தம்பி பார்ப்பானானான், அண்ணன் செத்த மாட்டைச் சுமந்தான், தீண்டத்தகாதவன் ஆனான்.

தோழர்களே, இந்தச் சின்னஞ்சிறு கதையை எண்ணிப் பாருங்கள். புருட சூக்தத்துக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு வேறு எது? வாய் வேறு, கால் வேறு என்றது வேதம். வயிறு ஒன்று என்கிறது இக்கதை. படைப்பிலேயே தாழ்ந்தவன் என்றது வேதம். படைப்பிலே மூத்தவனே நான் என்கிறது இக்கதை. உயர்வும் தாழ்வும் கடவுள் வகுத்த நெறி என்றது வேதம். காதிலே விழுந்த பிழை என்கிறது இக்கதை! எழுத்தறிவு மறுக்கப்பட்டவன், ஏடு தொட விடப்படாதவன், ஒரே ஒரு சொல்லின் இரு பொருளைக் கொண்டு, நால்வருணக் கோட்டையின் அடிக்கல்லை அசைத்துவிட்டான்.

அசைத்தான், பெயர்த்தானா? அங்கேதான் விசாரணையைக் கடைசி வரை நடத்தவேண்டியிருக்கிறது. பிழையாகக் கேட்டதால் நான் கீழே வந்தேன் என்று அவன் சொல்லும்போது, சரியாகக் கேட்டிருந்தால்? தம்பி அல்லவா கீழே போயிருப்பான்! கீழே ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்பதை அக்கதை கேள்வி கேட்கவில்லை. செத்த மாட்டை அகற்றுவது இழிவு, அகற்றியவன் இழிந்தவன் என்பதையும் கேள்வி கேட்கவில்லை. தன்மீது விழுந்த தீர்ப்பு தவறு என்கிறது. தீர்ப்பு வழங்கிய மன்றமே தவறு என்று சொல்லும் துணிவு அதற்கு வரவில்லை. மேல்முறையீட்டு மனு அது. உருக்கமான மனு, நேர்மையான மனு. ஆனால் மனுதான். வஞ்சித்தவனைக் காட்டாமல் விபத்தைக் காட்டுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஒரு மக்கள் கூட்டத்தைச் சேரியிலே அடைத்தது ஒரு காதின் கோளாறா? நிலம் யாருடையது, நீர் யாருடையது, தடி யார் கையில் என்ற கேள்விகள் எங்கே?

இதற்கு அப்பால் செல்ல இயலாதா? இயலும் என்று காட்டியவர்கள் தமிழிலேயே இருந்தார்கள். ஒரு வீட்டில் சாப்பறையும் மறுவீட்டில் மணமுழவும் ஒருங்கே கேட்கும் உலகைக் கண்டு, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புறநானூற்றில் பாடினார் பக்குடுக்கை நன்கணியார், 194-ஆம் பாட்டு. பிறரிடம் கையேந்தித்தான் ஒருவன் உயிர்வாழவேண்டும் என்பது உலகின் ஏற்பாடாயின், அதை இயற்றியவனே அலைந்து கெடுவானாக என்று சினந்தார் வள்ளுவர். இரவச்சம் என்ற அதிகாரத்திலே. இவர்கள் கடவுள் இல்லை என்று வாதாடியவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. படைத்தவன் இருந்தால், அவனும் விசாரணைக்கு உட்பட்டவனே என்ற நிலைக்கு வந்தவர்கள். ஏனையோர் படைப்புக்குக் காரணம் தேடினார்கள்; இவர்கள் படைப்பிடம் கணக்குக் கேட்டார்கள்.

ஏட்டுச் சண்டைதானே இது என்று யாரும் ஒதுக்கவேண்டாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலே ஏறத்தாழ 50 இலட்சம் பேர் தங்கள் சமயம் ‘சர்ணா’ என்று எழுதினார்கள். மண்புழு உலகைக் கட்டிய கதைக்கு உரியவர்கள் அவர்களுள் உண்டு. அவர்களுக்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்று சார்க்கண்டு சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. உன் கதை எங்கள் கதையின் ஒரு கிளைதான் என்று பெரிய மதம் அணைக்க வரும்போது, இல்லை, எங்கள் உலகம் வேறு விதமாகத் தொடங்கியது என்று சொல்லும் உரிமை அது. அந்த உரிமைக்கு நாம் துணை நிற்கவேண்டும். அக்கதையின் ஒவ்வோர் எழுத்தையும் நம்பவேண்டும் என்பதற்காக அன்று, தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் வாய் எல்லா மக்களுக்கும் உண்டு என்பதற்காக.

செத்த மாட்டுக் கதையும் பழங்கதையாகிவிடவில்லை. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதற்குத் தடை விதித்து 1993-இல் ஒரு சட்டம், போதாதென்று 2013-இல் இன்னொரு சட்டம். இரண்டுக்குப் பின்னும் சாக்கடைக் குழியிலே இறங்கி மூச்சுத் திணறி மாண்டவர்கள் உண்டு. அவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “தம்பி பாப்பான்” என்ற சொல் இன்னும் பிழையாகவே காதில் விழுந்துகொண்டிருக்கிறது!

ஆகவே இளைஞர்களே, உங்கள் பாட்டிமாரிடம் கேளுங்கள், கோடாங்கியிடம் கேளுங்கள், கண்மாய்க் கரையிலே அமர்ந்திருக்கும் முதியவரிடம் கேளுங்கள். உலகம் எப்படி உண்டாயிற்று, ஊர் எப்படி உண்டாயிற்று, நம் சாதி எப்படி உண்டாயிற்று என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். நகைக்காதீர்கள், தொழாதீர்கள். எழுதி முடித்தபின், உழைத்தவர் யார், புகழ் பெற்றவர் யார், கீழே நின்றவர் யார் என்ற மூன்று கேள்வியையும் கேளுங்கள். முறையீடு எங்கே முடிந்துபோயிற்று என்று கண்டுபிடித்து, அங்கிருந்து உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

குமாரலிங்கபுரத்துக் கரிசலிலே நிற்கும் அந்த உழவரோ நமக்கு முன்னே தொடங்கிவிட்டார். வெள்ளத்தை வடித்த சூலத்தை அவர் வியக்கவில்லை. வந்த நீரை ஏன் வடியவிட்டீர்கள், எங்கள் கண்மாய்க்கு ஏன் விடவில்லை என்று கேட்கிறார். விடை சொல்லவேண்டியவர்கள் விண்ணிலே இல்லை.